மிதிக்க ஆளில்லாதபோது

திருப்பதி நகரின் விளிம்பில், சேஷாசல மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் அலிபிரி, திருமலைக்கு நடந்து செல்வோருக்குப் படிகள் தொடங்கும் இடம். வாகனத்தில் செல்வோருக்கு அது சோதனைச் சாவடி. அங்கிருந்து மலைக்கு ஏறும் முதல் சாலை, இப்பகுதி சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1944-இல் திறக்கப்பட்டது. 1974-இல் இரண்டாவது சாலை அமைந்தபின், ஏறும் வண்டிகள் புதிய சாலையிலும் இறங்கும் வண்டிகள் பழைய சாலையிலும் செல்லும் இன்றைய முறை ஏற்பட்டது. திருமலைக்கும் திருப்பதிக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 700 மீட்டர் உயர வேறுபாட்டை, 19 கிலோமீட்டர் அளவு நீளமுள்ள அந்தப் பழைய சாலை வளைவுமேல் வளைவாக இறங்கிக் கடக்கிறது. ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம் என்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் நேரம் வகுத்திருக்கிறது. இறங்குவதற்கு அதிக நேரம் கேட்கும் இந்த விதிக்கு, பிரேக்கின் இயற்பியலைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஐந்து பேரும் அவர்களுடைய பைகளும் ஏறிய ஒரு சிறு கார் 1,500 கிலோகிராம் எடை கொண்டது என்று வைத்துக்கொண்டால், அது 700 மீட்டர் கீழே வரும்போது இழக்கும் நிலையாற்றல் ஒரு கோடி ஜூலுக்குச் சற்று மேல். இது 35 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம். இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை டயர்கள் உருளும்போது ஏற்படும் தடையும், சிறிதளவைக் காற்றின் எதிர்ப்பும் எடுத்துக்கொள்ள, எஞ்சியதை எஞ்சினும் பிரேக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கும் வண்டியில் எஞ்சின் தன் பங்கைத் தாராளமாக ஏற்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்கும் வண்டியிலோ எஞ்சினின் பங்கு சுழியம், வெப்பம் முழுவதும் டிஸ்க்குகளிலும் டிரம்களிலுமே சேருகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பகுதி பிரேக் பேடுகள், காலிபரின் பிஸ்டன் ஆகியவற்றின் வழியே உள்ளே ஊடுருவி, பிஸ்டனுக்குப் பின்னால் நிற்கும் திரவத்தை அடைகிறது. பட்டறைகளில் பிரேக் ஆயில் என்று அழைக்கப்படும் இத்திரவம் உண்மையில் எண்ணெய் அன்று. கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்களின் கலவை.

மிதியிலிருந்து சக்கரம் வரை விசையைக் கொண்டுபோகும் ஏற்பாடு, அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கலின் விதியை அடிப்படையாகக் கொண்டது. நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குடன் 1921-இல் அமெரிக்காவில் டூசன்பெர்க் நிறுவனத்தின் கார் வெளிவந்தபின், கம்பிகளாலும் தண்டுகளாலும் இழுக்கப்பட்ட பழைய பிரேக்குகள் படிப்படியாக மறைந்தன. தமிழ்நாட்டில், 1962-இல் சென்னைப் பாடியில் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் இத்தகைய பிரேக் பாகங்களை நம் நாட்டு வண்டிகளுக்குச் செய்துவருகிறது. கால் 20 கிலோ அளவு எடையைக் கொடுத்தால், மிதியின் நெம்புகோல் அமைப்பு அதை நான்கு மடங்காகவும், எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் மேலும் மூன்று மடங்காகவும் பெருக்க, மிதி தள்ளும் பிஸ்டன் இருக்கும் 20 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரில் ஏறத்தாழ 75 வளிமண்டல அளவு அழுத்தம் உண்டாகிறது. அந்த அழுத்தத்தில் பிரேக் திரவம் ஒரு விழுக்காடுகூடச் சுருங்குவதில்லை. அதனால்தான் மிதி கல்போல் நிற்கிறது.

காற்று அப்படியன்று. பாயில் விதிப்படி, 75 மடங்கு அழுத்தத்தில் காற்று தன் பருமனில் 75-இல் ஒரு பங்காகிவிடும். அதாவது, குழாயில் சிக்கிய 3 மில்லிலிட்டர் காற்று கிட்டத்தட்ட முழுவதுமாக மறைந்துவிடும், மறையும் அந்த 3 மில்லிலிட்டர் இடத்தை மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தன் ஓட்டத்திலிருந்து நிரப்பிக்கொடுக்க வேண்டும். 20 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. ஓட்டமும் உள்ள பிஸ்டன் மொத்தமாகத் தள்ளக்கூடிய திரவமே 9.4 மில்லிலிட்டர்தான் என்பதையும், அதுவும் பாதுகாப்புக்காக இரண்டு தனித்தனிச் சுற்றுகளுக்குப் பிரிக்கப்படுகிறது என்பதையும் நினைத்தால், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான காற்று என்ன செய்யக்கூடும் என்பது விளங்கும். மெக்கானிக்குகள் "பெடல் பஞ்சு மாதிரி இருக்கு" என்று சொல்வது இந்த நிலையைத்தான். அக்காற்றை வெளியேற்றும் வேலைக்குத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் "ஏர் எடுப்பது" என்றும் "ப்ளீடிங்" என்றும் பெயர். (மலையில் ஓடும் பெரிய பேருந்துகளில் காற்றழுத்தமே பிரேக்கை இயக்குகிறது, அங்கே காற்று வேலைக்காரன், எனவே இந்தச் சிக்கல் அவற்றுக்கு இல்லை.)

குமிழி வெளிக்காற்றால் மட்டுமே உண்டாக வேண்டும் என்பதில்லை, ஆவியாகத் திரவத்தின் உள்ளேயே பிறக்கவும் கூடும். கிளைக்கால் ஈதர் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும், திரவத் தொட்டி மூடியின் நுண்துளை வழியாகவும் காற்றிலுள்ள நீராவி சிறிது சிறிதாக அதில் கரைகிறது. டாட் 3 என்று குறிக்கப்படும் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்குகிறது. டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் 230, 155, டாட் 5.1 வகைக்கு 260, 180. சென்னையின் கடற்காற்றில் மூன்று நான்கு ஆண்டுகள் திரவம் மாற்றாமல் ஓடிய கார், நகரச் சாலைகளில் எந்தக் குறையையும் காட்டாது, ஏனெனில் சமவெளியில் காலிபர் 140 டிகிரியை நெருங்குவதே அரிது. அதே கார் ஆண்டுக்கு ஒருமுறை மலையேறி, ஒருநாள் முழுவதும் நிழலில் நின்றுவிட்டு இறங்கத் தொடங்கும்போதுதான் திரவத்தின் உண்மை நிலை வெளிப்படுகிறது. ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு என்பதால், அலிபிரியிலிருந்து மேலே போய்ச் சேர்ந்ததே வண்டி நன்றாக இருப்பதற்குச் சான்று என்று ஓட்டுநர் எண்ணுவது இயல்பு; ஆனால் அந்தப் பயணம் பிரேக்கைச் சோதிக்கவே இல்லை.

இங்கே இரண்டு குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் "பிரேக் பிடிக்கவில்லை" என்ற ஒரே தொடரால் இரண்டும் குறிக்கப்படுகின்றன. பேடும் டிஸ்க்கும் மிகையாகச் சூடாகி உராய்வு குறைந்துவிட்டால், மிதி கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்க மறுக்கும். திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகிவிட்டால், மிதியே காலின் கீழ் தரைவரை இறங்கிவிடும். இரண்டாவது குறைக்கு ஒரு தந்திரமான இயல்பு உண்டு: கால் மிதியை அழுத்திக்கொண்டிருக்கும்போது திரவத்தின் மேல் பல மடங்கு அழுத்தம் இருப்பதால் அதன் கொதிநிலையும் உயர்ந்திருக்கும், 75 வளிமண்டல அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 290 டிகிரியில்தான் கொதிக்கும். கால் எடுக்கப்பட்டு அழுத்தம் வீழ்ந்த நொடியில்தான் திரவம் ஆவியாகிறது. அதனால், ஒரு வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக், சற்றே நேரான பகுதியில் காலுக்கு ஓய்வு கொடுத்தபின், அடுத்த வளைவில் காணாமல் போகிறது; வழியில் சிறிது நேரம் நிறுத்திவிட்டுப் புறப்படும்போதும், டிஸ்க்கின் வெப்பம் காற்றோட்டமின்றி உள்நோக்கிப் பாய்ந்துவிட்டிருப்பதால், இதே விபரீதம் நிகழலாம்.

ஆகவே மலைச்சாலைக்குப் போகும் வண்டியில் பழைய திரவத்தை நீக்கிப் புதியதை நிரப்புவதும், இடையில் காற்று நுழையாமல் பார்த்துக்கொள்வதும் ஒரே வேலையின் இரண்டு முகங்கள். மரபான முறைக்கு இருவர் வேண்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மிதியை அழுத்த, மற்றவர் சக்கரத்தருகே அமர்ந்து ப்ளீடர் நிப்பிளை, அதாவது காலிபரின் அல்லது வீல் சிலிண்டரின் உச்சியில் உள்ள துளையிட்ட சிறு திருகை, ரிங் ஸ்பேனரால் கால் சுற்றுத் திறந்து மூடுவார். அவர் கீழிருந்து கொடுக்கும் கட்டளைகள் இரண்டே: "மிதி", "பிடி". அலிபிரியின் மொழியில் அவை "தொக்கு", "பட்டுகோ". இந்த இரண்டு சொற்களும் இரண்டு வெவ்வேறு வேலைகளைக் குறிக்கின்றன என்பதைக் கவனிப்பதே கருவித் தேர்வின் தொடக்கம். மிதிப்பது திரவத்தை ஓடவைக்கிறது. பிடித்துக்கொண்டிருப்பது, நிப்பிள் மூடப்படும்வரை வெளிக்காற்று பின்வாங்கி உள்ளே போகாதபடி தடுக்கிறது. உதவிக்கு ஆளில்லாதபோது வாங்கும் எந்தக் கருவியும் இவ்விரண்டில் எதை ஏற்கிறது, எதைத் தனியாளின் தலையில் விட்டுவிடுகிறது என்று கேட்டாலே அதன் தகுதி தெரிந்துவிடும்.

மிக எளிய கருவி, ஒளிபுகும் ஒரு குழாயும் ஒரு போத்தலும். குழாயின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் போத்தலில் சிறிதளவு ஊற்றிய புதுத் திரவத்தில் மூழ்கவைத்து, நிப்பிளைத் திறந்துவிட்டு, தனியாளே இருக்கைக்குப் போய் மிதியை மெதுவாக அழுத்தி மெதுவாக விடுகிறார். விடும்போது சிறிது பின்னிழுப்பு ஏற்பட்டாலும் குழாயிலிருந்து வருவது திரவமே, காற்று அன்று. ஆக, பிடிக்கும் வேலையைப் போத்தலில் மூழ்கிய முனை செய்கிறது. ஆனால் திறந்த நிப்பிளின் மரைகளைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகக் காற்று கசிந்து நுழைய வாய்ப்பு இருப்பதால், இந்தப் பிடி முழுமையானதன்று. குழாயின் நடுவே ஒருவழி வால்வு பொருத்திய வகையும், நிப்பிளையே கழற்றிவிட்டு அதனிடத்தில் குண்டும் சுருள்வில்லும் உள்ளடங்கிய ஒருவழி நிப்பிளைப் பூட்டும் வகையும் இதன் வளர்ச்சிகள். பின்னதில் மரைகளின் மேல் காற்றடைக்கும் பூச்சும் இருப்பதால் இடுக்கின் கசிவும் பெரும்பாலும் நீங்குகிறது. இவை அனைத்திலும் மிதிக்கும் வேலை மனிதக் காலிடமே இருக்கிறது, அதோடு ஓர் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தன் குழலின் முன்பாதியில் மட்டுமே உலவுவதால், எட்டாத பின்பாதியில் ஆண்டுக்கணக்கில் அரிப்பும் கசடும் சேர்ந்திருக்கும்; நிப்பிள் திறந்த நிலையில் மிதியைத் தரைவரை அழுத்தினால், ரப்பர் சீல்கள் அந்தக் கரடான பரப்பின்மேல் உரசிக் கிழிந்துவிடக்கூடும். மிதியின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து ஓட்டத்தைக் குறைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை. பழைய வண்டிகளில் ப்ளீடிங் செய்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்ற முறையீட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கட்டை இல்லாமையே இருக்கும்.

மிதிக்கும் வேலையையும் எடுத்துக்கொள்ளும் கருவிகளில் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது வெற்றிடப் பம்பு. கையால் அழுத்தும் துப்பாக்கி வடிவிலோ, கம்ப்ரஸர் காற்றால் இயங்கும் கலன் வடிவிலோ வரும் இது, நிப்பிளில் மாட்டப்பட்டுத் திரவத்தை வெளியே உறிஞ்சுகிறது. தனியாள் இருக்கைக்கும் சக்கரத்துக்கும் இடையே நடக்க வேண்டியதில்லை. உறிஞ்சல் தொடர்ந்து இருப்பதால் பின்னோட்டமும் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு வேலையும் முடிந்துவிட்டன. ஆயினும் இதன் இயற்பியல் மூன்று இடங்களில் எதிராக நிற்கிறது. எவ்வளவு நல்ல பம்பும் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இழுக்க முடியாது என்பது முதலாவது. மரை இடுக்கின் வழியே வெளிக்காற்றும் சேர்ந்து உறிஞ்சப்படுவதால், காலிபரில் காற்றே இல்லாதபோதும் குழாயில் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும் என்பது இரண்டாவது. திரவத்தில் கரைந்திருந்த காற்றும் குறைந்த அழுத்தத்தில் வெளிப்பட்டு அந்தக் குமிழிகளோடு சேர்ந்துகொள்ள, வேலை முடிந்ததா இல்லையா என்பதைக் காட்டவேண்டிய ஒரே அடையாளம் பொய் சொல்லத் தொடங்குகிறது. மூன்றாவதுதான் இந்தியச் சிறு கார்களுக்கு மிகவும் பொருந்துவது. இவற்றில் பெரும்பாலானவற்றின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கே உள்ளது. அதன் வீல் சிலிண்டரில் இருக்கும் கிண்ண வடிவ ரப்பர், உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தில் சுவரோடு இறுகி அடைப்பதற்கென வடிவமைக்கப்பட்டது. எதிர்த்திசையில் உறிஞ்சும்போது அதன் உதடு தளர்ந்து வெளிக்காற்றை உள்ளே விடக்கூடும். காற்றை எடுக்க வந்த கருவியே காற்றைக் கொண்டுவரும் நிலை இது. பழைய திரவத்தைத் தொட்டியிலிருந்து உறிஞ்சி எடுக்கவும், காலியான புது காலிபரை முதல்முறை நிரப்பவும் வெற்றிடப் பம்பு அருமையான துணை. மலையிறங்கும் வண்டியின் இறுதிக் காற்றுநீக்கத்தை அதை மட்டும் நம்பி முடிப்பது சரியன்று.

அழுத்தக் கலன் இதற்கு நேர் எதிரான திசையிலிருந்து வேலை செய்கிறது. தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பைப் போன்ற ஒரு கலனில் புதுத் திரவத்தை ஊற்றி, அதன் குழாயைத் திரவத் தொட்டியின் மூடிக்குப் பதிலாக ஒரு சிறப்பு மூடியால் இணைத்து, 10 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை, அதாவது கார் டயரில் அடைக்கும் அழுத்தத்தில் பாதிக்கும் குறைவாக, காற்றடித்து வைத்துவிட்டால், எந்த நிப்பிளைத் திறந்தாலும் மேலிருந்து கீழே திரவம் தானாக ஓடும். சுற்று முழுவதும் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தில் இருப்பதால், மரை இடுக்கு வழியே திரவம் வெளியே கசியுமே தவிர காற்று உள்ளே வராது. வீல் சிலிண்டரின் ரப்பர் கிண்ணங்களும் தமக்குரிய திசையில் அழுத்தப்படுகின்றன. மிதி தொடப்படாததால் மாஸ்டர் சிலிண்டரின் சீல்களுக்கும் தொல்லை இல்லை. இங்கே குழாயில் தெரியும் குமிழி உண்மையிலேயே உள்ளிருந்து வந்த குமிழி. தனியாள் வேலையில் மிகுதியும் நேரும் தவறு ஒன்றையும் இது தடுக்கிறது: சக்கரத்தருகே குனிந்திருப்பவர் தொட்டியின் அளவைப் பார்க்க மறந்து, தொட்டி வற்றி, மாஸ்டர் சிலிண்டரே காற்றை விழுங்கி, வேலையை முதலிலிருந்து தொடங்க நேர்வது. கலனில் திரவம் இருக்கும்வரை தொட்டி வற்றாது.

இதன் குறை அந்தச் சிறப்பு மூடியில் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் தொட்டியும் ஒவ்வொரு வாய் அளவும் மரையும் கொண்டது. வெளிநாட்டுக் கருவியோடு வரும் மூடிகள் இந்தியாவில் ஓடும் சிறு கார்களுக்குப் பொருந்தாமல் போவது உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவானதென்று விற்கப்படும் தட்டையான மூடியைச் சங்கிலியால் கட்டிப் பிடிக்கும்போது, அழுத்தம் ஏறியதும் ஓரம் வழியே திரவம் பீறிட்டு எஞ்சின் அறை முழுவதும் தெறிக்கலாம். பிரேக் திரவம் பெயின்ட்டைக் கரைத்துவிடும் என்பதால் இது சிறிய விபத்தன்று. பட்ட இடத்தை உடனே தண்ணீரால் கழுவ வேண்டும், துணியால் தேய்க்கக் கூடாது. வாங்குவதற்குமுன் தன் வண்டியின் தொட்டி மூடியையே கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்ப்பதும், வாங்கியபின் திரவம் ஊற்றாமல் வெறும் காற்றை மட்டும் அடித்து இரண்டு நிமிடம் அழுத்தமானி இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதும் போதுமான காப்பு. ஸ்டெப்னி டயரின் காற்றையே அழுத்தமாகப் பயன்படுத்தும் வகைகளும் உள்ளன. அவற்றில் டயரின் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே குறைக்க மறந்தால், பழைய பிளாஸ்டிக் தொட்டி வெடித்துவிடக்கூடும்.

கீழிருந்து மேலே தள்ளும் தலைகீழ் முறையை ஆதரிப்போர், காற்று இயல்பாகவே மேலே ஏறும் ஆதலால் திரவத்தையும் மேல்நோக்கித் தள்ளினால் குமிழிக்கு வழிவிட்டது போலாகும் என்கிறார்கள். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும் இவ்வாதத்தில் குழாயின் குறுகல் மறக்கப்படுகிறது. நீண்ட குமிழிகள் குழாய்களில் நகரும் விதத்தை ஆராய்ந்து பிரெதர்டன் என்ற அறிஞர் 1961-இல் வெளியிட்ட ஆய்வு, செங்குத்தாக நிற்கும் குழாய் ஓர் எல்லைக்கு மேல் குறுகலாக இருந்தால், குழாயை அடைத்துநிற்கும் குமிழி தானாக மேலே ஏறவே ஏறாது என்பதைக் காட்டியது. மிதக்கும் விசையைப் பரப்பு இழுவிசை கட்டிப்போட்டுவிடுகிறது. தண்ணீருக்கு அந்த எல்லை ஏறத்தாழ 5 மி.மீ. விட்டம். கிளைக்கால் திரவங்களின் பரப்பு இழுவிசை தண்ணீரினும் குறைவாதலால் எல்லையும் சற்றுக் குறையும். ஆனால் பிரேக்கின் உலோகக் குழாய் உள்ளே ஏறத்தாழ 3 மி.மீ. மட்டுமே அகலமுள்ளது என்பதால், அங்கே சிக்கிய குமிழி மேலேறுவதை எதிர்பார்க்க இடமில்லை.  எனவே மெல்லிய குழாயில் குமிழியை வெளியேற்றுவது அதன் மிதப்பு அன்று, திரவத்தின் ஓட்டம்தான். ஓட்டம் மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்பதைவிட, அது தடைபடாமலும் பின்வாங்காமலும் இருக்கிறதா என்பதே முக்கியம். நிப்பிளைத் திறந்துவிட்டுப் புவியீர்ப்பால் மட்டும் சொட்டவிடும் செலவில்லாத முறை சில வண்டிகளில் பலித்துச் சில வண்டிகளில் ஏமாற்றுவதும் இதனால்தான்: சொட்டும் வேகம் குழாயின் மேடான வளைவில் ஒட்டிக்கொண்ட குமிழியை இழுத்துவர எப்போதும் போதுவதில்லை.

இத்தனைக்கும் தலைகீழ் முறைக்கு ஒரு நல்ல இடம் உண்டு. மோட்டார் சைக்கிளின் முன்பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர் கைப்பிடியிலேயே, அமைப்பின் உச்சியில் இருக்கிறது. குழாய் குட்டையானது, ஏறத்தாழ நேரானது. ஒரு பெரிய ஊசிக்குழலால் காலிபரிலிருந்து திரவத்தை மெதுவாகத் தள்ளினால், பல மணி நேரம் லீவரை அழுத்தியும் போகாத காற்று ஒரே தள்ளலில் மேலே வந்துவிடும். காரில் அதே வேலையைச் செய்வது அறிவுடைமையன்று, ஏனெனில் காலிபரின் அடியில் படிந்த கசடு முழுவதும் ஏ.பி.எஸ். பெட்டியின் நுண்ணிய வால்வுகளுக்குள் தள்ளப்படும்.

ஏ.பி.எஸ். என்பது, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காதபடி, அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிதாக விற்கப்படும் எல்லாக் கார்களிலும் அது கட்டாயம் என்பதால், தனியாள் கருவி வாங்குவோர் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தொட்டி வற்றாமல் திரவத்தை மட்டும் மாற்றினால், மேலே கூறிய எந்த முறையும் போதும். தொட்டி வற்றியோ, குழாய் கழற்றப்பட்டோ காற்று அந்தப் பெட்டிக்குள் போய்விட்டால், மூடியே இருக்கும் உள்வால்வுகளைக் கணினிக் கருவியால் திறந்து பம்பை இயக்கினால் ஒழிய அது வெளியே வராது. அப்போது வீட்டுவாசலில் வேலையை நிறுத்திவிட்டு அத்தகைய கருவி உள்ள பட்டறைக்கு வண்டியை இழுத்துச் செல்வதே முறை.

இவற்றை எடைபோட்டால், தொட்டிக்குப் பொருந்தும் மூடி கிடைக்கும் காருக்கு அழுத்தக் கலனை முதலில் சொல்ல வேண்டும். மூடி கிடைக்காதபோது, விலை உயர்ந்த வெற்றிடப் பம்பைவிட, ஒருவழி வால்வு பொருத்திய குழாயும், மிதியின் கீழ் ஒரு மரக்கட்டையும், ஒவ்வோர் ஐந்தாறு மிதிக்கும் எழுந்து தொட்டியைப் பார்க்கும் பொறுமையும் நம்பகமான ஏற்பாடு. நிப்பிளின் தலைக்குச் சரியான ரிங் ஸ்பேனரைத் தேடிக்கொள்வது இவை எல்லாவற்றுக்கும் முந்தைய செலவு; அறுகோணத் தலை மழுங்கிவிட்டாலோ, துருப்பிடித்த நிப்பிள் முறிந்துவிட்டாலோ, எந்தக் கருவிக்கும் அங்கே வேலை இல்லை. திரவத்தையும் சிறு டப்பாவாக வாங்குவது நல்லது: திறந்த டப்பா அலமாரியில் இருக்கும்போதே ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடுகிறது. வடித்த திரவம் தெளிவாகத் தோன்றினாலும் மறுபடி ஊற்றக் கூடாது. அது நஞ்சு என்பதால் குளிர்பானப் போத்தலில் சேமித்து வைக்கவும் கூடாது.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ளதிலிருந்து அண்மையில் உள்ளதை நோக்கி வருவது பழைய விதி. வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில் அது பின்புற இடச்சக்கரத்தில் தொடங்கி முன்புற வலச்சக்கரத்தில் முடியும். குறுக்காகப் பிரிக்கப்பட்ட இரட்டைச் சுற்றுள்ள வண்டிகள் சிலவற்றுக்குத் தயாரிப்பாளர் வேறு வரிசை சொல்லியிருப்பதால், வண்டியோடு வந்த கையேட்டின் சொல்லே முடிவானது. முடிந்தபின் எஞ்சினை இயக்கி, மிதியை உறுதியாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். முதல் அழுத்தத்தில் பஞ்சாகவும் அடுத்தடுத்த அழுத்தங்களில் கெட்டியாகவும் ஆனால் காற்று மிச்சம் இருக்கிறது. கெட்டியாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் தேய்ந்திருக்கிறது. இச்சோதனையைச் செய்யவேண்டிய இடம் வீட்டருகே உள்ள சமதளச் சாலை.

இத்தனைக்கும் பிறகு மலையிறங்கும்போது மிதி கீழே போனால், விரைவாகத் திரும்பத் திரும்ப மிதித்துக் கிடைக்கும் அழுத்தத்தைப் பயன்படுத்திக்கொண்டு, கியரைக் குறைத்து, கைபிரேக்கைப் படிப்படியாக இழுக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கைபிரேக் திரவத்தால் அன்றிக் கம்பியால் இயங்குவதால் ஆவிக்குமிழி அதைத் தொடுவதில்லை. வண்டி ஓரமாக நின்று, சக்கரங்கள் ஆறியதும், ஆவி மீண்டும் திரவமாகச் சுருங்க, மிதி முன்போலவே கெட்டியாகிவிடும். அப்போது அது எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், கொதிப்பதற்குக் காரணமான நீர் அந்தத் திரவத்திலேயே கரைந்து இருக்கிறது.